பால்கனியில் ஓர் ஆன்டெனா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அப்பார்ட்மென்ட்டே எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. சோபாவில் இடம் போதாமல் டைனிங் நாற்காலிகள், அதுவும் போதாமல் எதிர் வீட்டு ஸ்டூல். எல்லார் கையிலும் வடை. எல்லார் கண்ணும் டி.வி.க்குக் கீழே இருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் மேல்.

அந்தப் பெட்டி எப்படியாவது வேலை செய்யாமல் போய்விட வேண்டும் என்று, அடுப்படியில் நின்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஏன்? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவரைத் தெரியும். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. சேலையூரிலிருந்து தினமும் போய்விட்டு, சாயந்திரம் அடித்துப்பிடித்து ஓடி வருவார். எனக்காகத்தான் ஓடி வருகிறார் என்று கல்யாணமான புதிதில் நினைத்திருந்தேன். ஆடியோ சிஸ்டத்துக்காக என்று பிறகு புரிந்தது. ஆம்ப்ளிஃபையர் எங்கள் கல்யாணத்தைவிடப் பழசு. ஸ்பீக்கர்களுக்குப் பம்மலில் ஒரு பட்டறையில் சொல்லி மரப்பெட்டி செய்து வாங்கினார். சாதுவான மனிதர்தான்... ஆனால் இடது பக்க ஸ்பீக்கரில் ஏதோ குறைகிறது என்று தோன்றிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

லண்டனில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வருவதாக இருந்தான். "அத்தானுக்கு இன்னா வேணும்னு கேளுக்கா" என்றான். லண்டன் போயும் அவனுடைய 'இன்னா' மட்டும் போகவில்லை.

மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் சென்ட் பாட்டில் கேட்பார்கள், வாட்ச் கேட்பார்கள். இவர் போனைப் பிடுங்கி, மாடல் நம்பரோடு ஒப்பித்தார். டிஜிட்டல் ரேடியோ டியூனர்.

"அப்படின்னா என்னங்க?"

"ஸ்பீக்கர் இல்லாத ரேடியோன்னு வச்சுக்கோ. ஸ்டேஷனைப் புடிச்சு நம்ம ஆம்ப்ளிஃபையருக்குக் குடுக்கும். டிஜிட்டல், வத்சலா. கர்ருபுர்ருன்னு ஒரு சத்தம் இருக்காது. ஆள் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்கும்."

"பக்கத்துல உக்காந்து பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே."

அவர் காதில் விழவில்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது. வானொலியில் பத்து நிமிஷம் நகைச்சுவையாகப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 'கேட்பதும் ஒரு கலை' என்று தலைப்பு. போனேன், பேசினேன், பதிவு செய்துகொண்டார்கள். ஞாயிறு காலை ஒலிபரப்பு என்றார்கள். இந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யார் உட்கார்ந்து ரேடியோ கேட்கப் போகிறார்கள்? அந்தத் தைரியத்தில், பத்து நிமிஷமும் என் கணவரைத்தான் வறுத்து எடுத்திருந்தேன்.

சாம்பிள் வேண்டுமா? "ஸ்பீக்கர் மேல் கொசு உட்கார்ந்தால் எந்த ஸ்பீக்கர் என்று சொல்லிவிடுவார். கேஸ் தீர்ந்துபோச்சு என்று நான் சொல்வது மட்டும் கேட்காது" என்று ஒன்று. இன்னொன்று கொஞ்சம் பெரிசு. அதை அப்புறம் சொல்கிறேன்.

தம்பி சனிக்கிழமை வந்து இறங்கினான். சாயந்திரமே இவர் கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய், பெட்டியை மடியில் வைக்காத குறையாகக் கொண்டு வந்தார். வந்ததும் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டார். நாளைக் காலை திருமதி வத்சலாவின் வானொலிப் பேச்சு, எங்கள் இல்லத்தில், டிஜிட்டல் ஒலியில். அனைவரும் வருக. வடை, காபி உண்டு.

அத்தனை பேர் முன்னால், அவரே ஆசையாக வரவழைத்த பெட்டியில், அவரை நான் கிண்டல் செய்வதை அவரே கேட்கப்போகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "முதல் புரோகிராமே உன்னோடதா இருக்கணும்" என்று வேறு சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்த வேண்டுதல்.

வேண்டுதல் பலித்தது. முதலில் பிளக் நுழையவில்லை; லண்டன் பிளக்குக்குச் சதுரச் சதுரமாக மூன்று கால்கள். அடாப்டர் தேடி எடுத்து மாட்டினார். சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் செருகினார். டியூனரோடு வந்த ஆன்டெனா ஒயரை ஜன்னலில் தொங்கவிட்டார். பெட்டியில் நீல வெளிச்சம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பெட்டி தேடியது... தேடியது... ஸ்டேஷன் எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டது.

மறுபடி தேடவிட்டார். மறுபடி இல்லை.

என் தம்பிக்குப் போன் போட்டார். அவன் கூகுளைப் பார்த்துவிட்டுச் சொன்னான். அங்கே டிஜிட்டல் ரேடியோ ஒரு ரகமாம், நம் ஊரில் இருப்பது வேறு ரகமாம். ஒன்றுக்கான பெட்டி மற்றதைப் பிடிக்காதாம். டிஜிட்டல் என்றால் எல்லாம் டிஜிட்டல்தானே என்று இவர் நினைத்திருந்தார். நீங்களும் நானும் அப்படித்தானே நினைப்போம்?

கீழ் வீட்டு ஸ்டெல்லா மிஸ், பள்ளிக்கூடத்து டீச்சர், வழி சொன்னார். "ஆப்ல வருமே சார். போன்ல போட்டுக் கேட்டா போச்சு."

"ஆம்ப்ளிஃபையர் பழசு மிஸ், புளூடூத் கிடையாது. அதுவும் இல்லாம ஆப்ல அரை நிமிஷம் லேட்டா வரும். அது ரேடியோவே இல்ல" என்றார் இவர்.

அசோசியேஷன் செகரெட்டரி ஜெயராமன் சார் வடையை மென்றபடி சொன்னார். "விடுங்க சார். ஃபாரின் சாமானுக்கெல்லாம் ஆசைப்பட்டா இப்படித்தான். ஷோகேஸ்ல வச்சுக்கலாம்."

நாலு பேர் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு குனிந்து, தேவையே இல்லாமல், அந்த ஒயரைச் சரி செய்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு இருக்கிறது; நான் அவருக்குச் சமைத்துப் போடுகிறேன், துணி மடித்து வைக்கிறேன், கோபித்துக்கொள்கிறேன். ஜெயராமன் சாருக்கு என்ன உரிமை? என் வடையைத் தின்றுகொண்டே?

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன்.

"ஏங்க, அதுல எஃப்எம் வராதா?"

"வரும்..." என்றார். "ஆனா எஃப்எம் கேக்கவா லண்டன்லேர்ந்து வரவழைச்சேன்?"

"என் பேச்சு எஃப்எம்லயும் வருது. போடுங்க."

போட்டார். இரைச்சலுக்கு நடுவே யாரோ பேசுவது கேட்டது. ஒயரைப் பால்கனிக்குக் கொண்டுபோய்க் கொடிக் கயிற்றில் மாட்டினார். இரைச்சல்தான். கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தார்... கண்ணாடி மாதிரி தெளிவாகிவிட்டது. விட்டார், கர்ர். பிடித்தார், சுத்தம். ஜெயராமன் சாரும் போய்ப் பிடித்துப் பார்த்தார். கர்ர்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைப்பானேன்.

"சரி, நானே நின்னுடறேன்" என்றார் இவர்.

அதே நேரம் பார்த்துப் பக்கத்து மனையில் போர்வெல் லாரி வேலையை ஆரம்பித்தது. ஹாலுக்குச் சத்தம் வரக்கூடாது என்று பால்கனிக் கதவை அவரே வெளியிலிருந்து சாத்தினார். சட்டைப் பையிலிருந்து இயர்பட்ஸ் எடுத்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். போர் சத்தத்துக்கு அடைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அப்பாடா, ஒன்றும் கேட்காது. ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார், பஸ்ஸில் கம்பி பிடித்து நிற்பவர் மாதிரி.

என் பேச்சு ஆரம்பித்தது. நிஜமாகவே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் இருந்தது. கொசு வந்தது, கேஸ் வந்தது, ஹால் சிரித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒலி நன்றாக இருப்பதைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தலையாட்டிவிட்டு, ஒயரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிறகு அந்தப் பெரிய ஜோக் வந்தது. "ஒருமுறை கோபத்தில் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் ஒரு வார்த்தை இல்லை. வாரக் கடைசியில் அவரே வந்து சொன்னார்: 'வத்சலா, இந்த வாரம் சிஸ்டம் ரொம்ப க்ளியரா கேக்குதுல்ல?'"

ஸ்டெல்லா மிஸ் காபியைச் சிந்திவிட்டார். ஜெயராமன் சாருக்குப் புரையேறியது. எல்லாரும் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் திடீரென்று குலுங்கிச் சிரித்தார். ஹாலில் ஒரு நொடி கர்ர். பிறகு கையை நேராக்கிக்கொண்டார். ஹாலில் அப்போது யாருமே சிரிக்கவில்லை. போர் லாரிக்காரர்கள் ஏதாவது வேடிக்கை செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஜெயராமன் சார்கூட, "சவுண்டு அருமை சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இவர் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினார்.

"கை வலிக்குதா?" என்றேன்.

"பரவால்ல. க்ளாரிட்டி எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சு. பாவம், உங்களாலதான் கேக்க முடியல."

"கேட்டேனே. போன்ல ஆப்பைப் போட்டுக் காதுல வச்சுட்டேன்ல." ஒயருக்கு ரப்பர் பேண்ட் போட்டார். "நீங்கள்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிச்சப்ப எதுக்குன்னே புரியல. அரை நிமிஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

நான் தரையைப் பார்த்தேன். கோபமா என்று முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வத்சலா."

"ம்..."

"அந்த வாரம் நீ கோவமாவா இருந்த?"

நிமிர்ந்து பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். போன வருஷத்துக் கோபம், அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"ஆமா" என்றேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். "எதுக்குன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

ஆப்பில் அரை நிமிஷம் லேட். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் லேட். ஆனால் வந்தபோது ஒரு கர்ர்கூட இல்லை.