முத்துமாரியின் வீட்டுப்பாடம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் முத்துமாரிக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவில் குறை இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இல்லையென்றால் வாயைத் திறக்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவாள். பழகிப்போன கண் வெளியே வந்தாலும் ஓயாது. கல்யாண வீட்டிலும் பெண்ணின் ரவிக்கையில் தையல் விட்ட இடம்தான் அவளுக்கு முதலில் தெரியும். அவளோடு பந்தியில் உட்கார எனக்குப் பயம்.

இப்பேர்ப்பட்டவளின் மகள் பூங்குழலி, பதினொன்றாம் வகுப்பு, ஒருநாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மாதமாகச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கதவு திறந்தது. முத்துமாரி பாதியாக இளைத்துப்போனாள். மனக்கோளாறு தீரும் என்ற நாத்தனார் பேச்சைக் கேட்டு சோளிங்கர் மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். பெண் ஆட்டோவை விட்டே இறங்கவில்லை. வேன் ஓட்டும் கணவர் அன்பரசன் போனில் ஒரு விடுதியைக் கண்டுபிடித்தார். அடங்காத பிள்ளைகளை ஆறு மாதம் வைத்திருந்து திருத்தித் தருவார்களாம். அதுவரை பெற்றவர்கள் முகம் காட்டக் கூடாதாம். வேலூரில் போய்க் கேட்ட டாக்டரோ, மூன்று பேரும் வாராவாரம் கவுன்சிலிங்குக்கு வரச் சொன்னார். மகளைப் பிரிய மனமில்லாத முத்துமாரி இதையே பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் பாப்பேன். ஸ்கூலுக்குப் போலன்னா விடுதிதான்" என்று அன்பரசன் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பயந்துதான் பூங்குழலியும் கவுன்சிலிங்குக்குக் கிளம்பினாள்.

முதல் வாரமே கவுன்சிலர் நசீமுன்னிசாவோடு முத்துமாரிக்குத் தகராறு.

"கோளாறு பொண்ணுகிட்ட இருக்குது. என்னை இன்னாத்துக்கு மேடம் உக்கார வெக்கிறீங்க?"

"பொண்ணைப் பாராட்டி கடைசியா எப்போ பேசினீங்க?"

"நல்லா இருந்தா நாங்க எதுவும் சொல்ல மாட்டோம் மேடம். சும்மா இருந்தா பாஸ்னு அர்த்தம்."

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பூங்குழலி திரும்பினாள். "அது எனக்கு எப்பிடிம்மா தெரியும்? வாயத் தொறந்தா திட்டுவ. மூடிக்கினா கோவமா இருக்கிறன்னு நெனச்சேன்."

மதியச் சாப்பாட்டில் இதை என்னிடம் சொன்னபோது முத்துமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

தினமும் மகளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார் நசீமுன்னிசா. முதல் நாள் முத்துமாரி கதவுக்கு வெளியே நின்று, "உன் செருப்பு ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்குது, நடை நேரா இருக்குது" என்றாளாம். மறுநாள், "நேத்தைக்கு இன்னிக்கு முடி கம்மியாத்தான் கொட்டியிருக்குது." மூன்றாவது வாரம் பூங்குழலியே வெளியே வந்து தோசை சுட்டாள். "ஓரம் கருகிட்டாலும் நடுவுல நல்லா இருக்குது" என்றிருக்கிறாள் இந்த மகராசி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஓரத்த இன்னாத்துக்குடி சொன்ன?"

"கண்ணுல பட்டுட்டுச்சே!"

மாதம் முடிந்தது. பெண் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. அன்பரசன் கவுன்சிலிங் அறையிலேயே பேச்சை எடுத்தார். "சொன்னா சொன்னதுதான். நாளைக்கே கொண்டு போயி சேக்கிறேன்."

முத்துமாரிக்கு உயிரே போய்விட்டது. நசீமுன்னிசா பெண்ணிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்.

"நான் விடுதிக்குப் போவ மாட்டேன். வேணும்னா திங்கக்கெழமைல இருந்து ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள் பூங்குழலி. "அம்மா இப்பதான் பாதி கத்துக்கினு இருக்குது. நான் போய்ட்டா யாரை வெச்சுப் பழகும்?"

முத்துமாரி ஓவென்று அழுதுவிட்டாள். அன்பரசன் எழுந்து வெளியே போனார். விடுதிக்குப் போன் போட்டு, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பி வந்தார்.