ஏழு மரமும் மூன்று பையும்

பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். யார் எதை நீட்டினாலும் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆட்குறைப்பில் வேலை போன பிறகு ஜார்ஜ் டவுனில், மலையடிவாரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் சேர்ந்தேன். மண் சரிந்த மலைச் சரிவுகளில் அந்தக் காட்டுக்கே உரிய மரங்களைத் திரும்ப நடுகிறவர்கள் அவர்கள். வருகிற விதையைச் சோதித்து, எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை. பழைய புத்தியும் கூடவே வந்துவிட்டது.

அந்த வருடம் மெரந்தி என்ற உயரமான காட்டு மரங்கள் காய்த்தன. அவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. காய்த்தாலும் அந்த இறக்கை வைத்த விதைக்குச் சில நாள்தான் உயிர். தாசேக் கெலுகோரிலிருந்து ஓர் அக்கா பத்துப் பைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வன இலாகா கொடுத்த அனுமதிக் கடிதத்தை நான் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். அதுவே எனக்கு உறுத்தியது.

“பத்துப் பை, பத்துத் தாய்மரம். நீங்க கேட்ட மாதிரியே நம்பர் எழுதி வச்சிருக்கேன்லா,” என்றார்.

பத்து மரம் என்பது எங்கள் பண்ணையின் விதி. ஒரே மரத்து விதைகள் எல்லாம் உடன்பிறப்புகள். ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போய்விடும்.

ஒவ்வொரு பையிலிருந்தும் பத்து விதையை நாளிதழில் பரப்பிக் கத்தியால் பிளந்தேன். வண்டு துளைத்தவை கொஞ்சம்தான். மற்றவை உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தன. நல்ல விதை. ஆனால் எட்டாம் பை விதையும் இரண்டாம் பை விதையும் ஒரே அளவு, இறக்கையில் ஒரே சிவப்பு. ஒன்பதும் ஐந்தும் அப்படியே, ஒரே மரத்தில் எடுத்தவை போல. பத்தாம் பையின் அடியில் ஒரு மஞ்சள் பூவிதழ் கிடந்தது. அங்சானா பூ. ரோட்டோர மரத்தின் பூ காட்டு விதையோடு எப்படி வந்தது?

“எங்க எடுத்தீங்க அக்கா?”

“எங்க பக்கத்துக் குன்றுலதாம்மா.”

நான் நம்பவில்லை. டவுனில் ரோட்டோரம் நட்டிருக்கும் மெரந்தி மரத்தடியில் பொறுக்கியிருப்பார் என்று தோன்றியது. அன்று மாலை காரை எடுத்துக்கொண்டு டவுனில் பெரிய மரம் நிற்கும் இடமெல்லாம் சுற்றினேன். எந்த மரத்தடியிலும் இறக்கை வைத்த விதை கிடக்கவில்லை. பொறுக்காமல் விட்டிருந்தால்தானே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன்.

“அக்கா, மரங்களை நான் நேர்ல பார்க்கணும்.”

“காலைல ஏழு மணிக்கு வா. கால மூடுற நல்ல சப்பாத்தா போட்டுட்டு வா. அட்டை கடிக்கும்.”

மறுநாள் குன்றில் அவர் முன்னால் ஏற, நான் பின்னால் போனேன். மரங்களில் ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது, அவர் சொன்னபடி எண்ணோடு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதையை எடுத்து, பையிலிருந்து கொண்டுபோன மாதிரியோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. ஏழாவது மரத்தின் வேரில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டாவது எங்க?”

“நிக்குது. காய்க்கல.” காலில் ஒட்டியிருந்த அட்டையை உருவி எறிந்தார். “மூணு மரம் இந்த வருஷம் காய்க்கவே இல்ல. பத்து இல்லாட்டி எடுக்க மாட்டோம்னு உங்க பாஸ் சொல்லிட்டாரு. அத்தன விதையும் சாகட்டும்னு விடச் சொல்றியா? இருக்கிறத பிரிச்சுப் பத்துப் பையாக்கினேன்.”

“அந்த மஞ்சள் பூ?”

“என் வீட்டு வாசல்ல அங்சானா மரம். பை வேர்த்துப் போச்சுன்னு பாய் விரிச்சு அதோட நிழல்ல ஆற வச்சேன். பூவ வச்சா என்னைப் பிடிச்ச?”

பொய்யைப் பிடித்துவிட்டேன். நான் தேடிப்போன பொய் அது இல்லை.

“இப்ப நான் கேக்குறேன்,” என்றார். “இந்த விதை எங்க போகுது? காட்டுலதான் நடுறீங்களா, இல்ல கொண்டோ அடுக்குமாடி வாசல்ல அழகுக்கு வைக்கிறீங்களா? நான் ஒரு நாளும் கண்ணால பார்த்ததில்லையே.”

சரிவுக்கு நானும் போனதில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன்.

பண்ணை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். முணுமுணுத்தார். பிறகு, ஏழு மரம் என்றே எழுதி, வேறொரு குன்றின் விதையோடு கலந்து நடலாம் என்று ஒப்புக்கொண்டார். அன்றே விதைத்தோம்.

அடுத்த ஞாயிறு அக்காவைச் சரிவுக்கு அழைத்துப் போனேன். முன்பே நட்டு வரிசையாக நின்ற கன்றுகளில் ஒன்றைப் பிடித்து மெல்ல அசைத்தார். வேர் பிடித்திருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“நட்டு எவ்வளவு நாளாச்சு?”

“ஒரு வருஷம்.”

“யாரு சொன்னா?”

முதலாளி சொன்னதுதான்; நான் சோதித்துப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நடவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நட்ட தேதி சரியாகத்தான் இருந்தது.