காலிஃபிளவருக்குள் கலந்திருந்த நொய்

என் இடது காலின் இரண்டாவது விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது போன புரட்டாசி மாதம். பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது ரப்பர் செருப்புக்குள் ஒரு கல் போயிருக்கிறது. பகல் முழுக்க அந்தக் கல்லை மிதித்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை. சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் ரத்தம். அந்தப் புண் சீழ் வைத்து, ஒரு மாதமாகியும் ஆறவில்லை.

விரலில் ஆரம்பித்து முழங்கால்வரை எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அதனால் டாக்டரம்மா விரல் என்று சொன்னாலும் என் காதில் விரல் என்று விழவில்லை.

நான் பூம்பாறைக்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நம் பஜனைக் கூட்டத்தில் கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்காருகிறவள். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. கார்த்திகை மாதம் ஒரே ஒரு தடவை எழுந்து நின்று பேசினேன். அன்றைக்கு நான் சொன்னது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல இன்னொரு தடவை எனக்குத் தைரியம் வராது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டரம்மா தன்மையாகத்தான் பேசினார்.

"சோத்தை விட்ருங்க பாட்டி. இட்லி, தோசை, இடியாப்பம், எல்லாம் அதே அரிசிதான். மாத்திரையை விடாம போடுங்க. காய் நல்லா சாப்பிடுங்க."

"சரிங்கம்மா. உருளைக்கெழங்கு காய்தானுங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அது எங்க காயி? மண்ணுக்குள்ள வெளயிற சோறு பாட்டி."

நாற்பது வருஷம் உருளைக்கிழங்கு போட்ட காடு எங்களுடையது. அது சோறு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"ஒரே நாள்ல பழகாது, பொறுமையா இருங்க. மூணு மாசச் சர்க்கரைன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. மார்கழில எடுப்போம். அது கொறஞ்சா புண்ணும் ஆறும். கொறயலன்னா வேற வழியில்ல."

மறுநாள் வெள்ளனே குளித்து, ஒரு படி அரிசியை எடுத்துக்கொண்டு குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனேன். சன்னதியில் வைத்தேன். "அப்பா, இதை நீயே வச்சுக்க. இனி எனக்கு வேணாம். என் விரலை எங்கிட்ட விட்ரு" என்று கேட்டேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

வீட்டில் என்னோடு இருப்பது என் அக்கா பாக்கியம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் இரண்டு வயதில் அம்மா போய்விட்டார். இடுப்பில் தூக்கி என்னை வளர்த்தவள் அவள்தான். பிள்ளை இல்லாதவள், புருஷன் போனதும் என்னிடமே வந்துவிட்டாள். என் மகன் கொடைக்கானலில் ஜீப் ஓட்டிக்கொண்டு அங்கேயே குடும்பமாக இருக்கிறான்.

நான் அரிசியைக் கோயிலில் வைத்துவிட்டு வந்ததைக் கேட்டதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே, மனுசனுக்குக் கடேசியா வாயில போடறதே அரிசிதான். அதைய இப்பவே வெரட்டிட்டு வந்திருக்கியே, நல்லாருக்காடி இது?"

"கடேசியா போடும்போது வாங்கிக்கிறேங்க்கா" என்றேன்.

"வாயப் பாரு. சரி, கால வச்சுக்கிட்டு அடுப்படில நிக்காத. நான் ஆக்கித் தாரேன். ஒரு எடத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

முதல் வாரம் சொல்லி முடியாது. முட்டை, கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ், தயிர். வயிறு நிறையும், மனசு நிறையாது. மூன்றாம் நாள் மண்டை பிளந்தது. பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும் வாசனை வந்தபோது வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அரிசிக்காக அழுகிற கிழவி என்று எனக்கே கேவலமாக இருந்தது. நம் ஊர் நர்ஸம்மா கட்டு மாற்ற வரும்போது ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். காலிஃபிளவரைத் துருவி, எண்ணெயில் வதக்கினால் பார்க்கச் சோறு மாதிரியே இருக்கும், குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம் என்றார். அக்கா அன்றைக்கே துருவினாள். இரவுக்குப் பூண்டும் காயும் போட்டு ஒரு சூப்பு வைத்தாள்.

அதற்குப் பிறகு அழுகை வரவில்லை. மண்டையிடியும் நின்றது. சாப்பிட்டால் தெம்பாக இருந்தது. காலிஃபிளவர் இவ்வளவு ருசியா என்று ஆச்சரியப்பட்டேன். எனக்குப் பொறுமை வந்துவிட்டது, பழகிவிட்டது என்று நினைத்தேன். வேலப்பனுக்கு நன்றி சொன்னேன். அக்காவின் கைக்கும் நன்றி சொன்னேன்.

கார்த்திகையில் நான் எழுந்து நின்றது அந்தச் சந்தோஷத்தில்தான். "வேலப்பன் என் சோத்து ஆசைய எடுத்துட்டான். இப்ப எனக்கு நெனப்பே வர்றதில்ல" என்றேன். நீங்கள் எல்லாரும் அரோகரா போட்டீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் போட்டாள்.

மார்கழியில் டெஸ்ட் எடுத்தார்கள். அக்காதான் துணைக்கு வந்தாள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். அப்புறம் புண்ணைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பாட்டி, ஒண்ணுமே கொறயல. சோறு சாப்பிடுறீங்கதானே?"

"இல்லீங்கம்மா. ஒரு பருக்க தொடலீங்க."

"பொய் சொல்லாதீங்க. எங்கிட்ட பொய் சொல்லலாம், இந்த டெஸ்ட்டுகிட்ட சொல்ல முடியாது. போறது ஒங்க காலு."

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுபது வயதை நெருங்குகிறேன், என்னை யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தை மாதம் ஆபரேஷன் என்று நாள் எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "டாக்டருக்கு என்னடி தெரியும், விடு" என்றாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். அவன்மேல் அவ்வளவு கோபம். என் அரிசியை வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன். "விரல இப்ப கேக்கல. வேணும்னா எடுத்துக்க. நான் எங்க பொய் சொன்னேன்? அத மட்டும் சொல்லு" என்றேன். நான் அப்படிச் சாமியிடம் பேசியதே இல்லை.

மறுநாள் காலையில் மிளகாய் அரைக்க மாவு மில்லுக்குப் போனேன். மில்காரப் பாய் என்னைப் பார்த்ததும் ஒரு மஞ்சள் பையை எடுத்து நீட்டினார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. ஒங்க அக்கா நொய்ய மறந்துட்டுப் போயிட்டாங்க. கொண்டு போங்க."

"யாரு, எங்க அக்காவா? நாங்க நொய்யே ஒடைக்கலியே பாய்."

"அட, என்னங்கம்மா நீங்க. வாராவாரம் நொய்யி ஒடைக்கிறாங்க, மாவு அரைக்கிறாங்க. பலகாரமாச் சுட்டு அடுக்குறீங்க, இந்த மில்லுக்கு வாசனகூட வர மாட்டேங்குது."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். பையைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பொடி நொய். துருவின காலிஃபிளவர் எவ்வளவு பொடியோ, அவ்வளவு பொடி.

மிளகாயை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா அடுப்படியில் காலிஃபிளவர் துருவிக்கொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் வைத்தேன்.

"பாய் குடுத்து விட்டாரு."

அவள் கை நிற்கவில்லை. துருவிக்கொண்டே, "கொஞ்சந்தான் போட்டேன்" என்றாள்.

"எத்தன நாளா?"

"நீ வீட்டுக்குப் பின்னால போயி நின்னு அழுதேல்ல. அன்னையிலருந்து."

"சூப்புலயும் மாவா?"

"கெட்டியா இருந்தாத்தான குடிப்ப."

"அந்தம்மா என்னயப் பொய்க்காரின்னு சொன்னப்ப பக்கத்துலதான நின்ன. வாயத் தொறந்தியாக்கா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "நீ எளச்சுக்கிட்டே வந்தடி. ஒம் புருசனும் இப்பிடித்தான் எளச்சு எளச்சுப் போனாரு. சோறில்லாம ஒன்னைய நான் சாகவிடவா? அதுக்கா ஒன்னைய வளத்தேன்?"

எங்கள் சின்ன வயதில் இந்த மலையில் நெல்லுச்சோறு திருவிழாவுக்குத்தான். அன்றைக்கு அக்கா, "எனக்கு வயித்து வலி, நீயே தின்னு" என்று தன் பங்கையும் என் தட்டில் போட்டுவிடுவாள். அவளுக்கு வயிற்று வலி இருந்ததே இல்லை என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அந்தப் பொய்யில் வளர்ந்தவள் நான். அதே பொய்யை, அதே கையால், இப்போதும் போட்டிருக்கிறாள். அப்போது உடம்பாகச் சேர்ந்தது, இப்போது சீழாகச் சேர்ந்தது.

அவள் என்னை அடித்திருந்தால் ஆறியிருக்கும். கூட்டத்தில் நான் சொன்ன சாட்சிக்கு அரோகரா போட்டாளே, அதுதான் ஆறவில்லை.

நான் கேட்டதற்கு வேலப்பன் ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டான். மில்காரப் பாய் வாயால் சொன்னான். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த நாள் தனியாகப் பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போனேன். நொய்ப் பையையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துச் சொன்னேன். அவர் கட்டைப் பிரித்துப் புண்ணைத் திரும்பப் பார்த்தார். புண் எலும்புவரை போகவில்லை, ஒரு மாதம் பார்க்கலாம், ஒரு நாள்விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும் என்றார். ஆபரேஷன் நாளைத் தள்ளி எழுதினார்.

அன்றைக்குத்தான் என் பத்தியம் உண்மையில் ஆரம்பித்தது. முக்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு நானே சமைத்தேன். நான் தாண்டிவிட்டதாக நினைத்த மண்டையிடியும் அழுகையும் திரும்ப முதலிலிருந்து வந்தன. கை நடுங்கி வியர்த்தது. நர்ஸம்மா பார்த்து, சர்க்கரை இறங்குகிறது என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். மாத்திரையைக் குறைத்தார்கள். நானாக எதையும் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக் கடக்க முடியாதபோது ஒரு வேளையைக் கடந்தேன். மத்தியானம் முடிந்ததும், "அப்பா, இந்த வேளை போச்சு, அடுத்த வேளைக்கு வா" என்பேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மடியில் அவித்த முட்டை. கோயிலில் பொங்கல் கொடுத்தால் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவேன்.

ஒன்பதாம் நாள் நான் தோற்றேன். அக்கா தனக்கு வடித்து வைத்த சோற்றில் ஒரு பிடி அள்ளிவிட்டேன். சூடு. உள்ளங்கை எரிந்தது. நிமிர்ந்தால் வாசலில் அக்கா. தின்னு தாயி என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துச் சோற்றைத் திரும்பப் பானையில் உதறிவிட்டாள். பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் சோறு ஆக்குவதில்லை. வெளியே குழாயடியில் மூன்று கல் கூட்டி வடித்து, வாசனை எனக்கு வராதபடி அங்கேயே முதுகைத் திருப்பி உட்கார்ந்து தின்றுவிட்டு வருவாள். தை மாதப் பனியில் எண்பதை எட்டப்போகிறவள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியும் இருந்தேன்.

மாத முடிவில் புண்ணின் ஓரம் ரோஜா நிறத்துக்கு வந்தது. டாக்டரம்மா ஆபரேஷன் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

"அன்னைக்கு ஒங்களப் பொய்யின்னு சொல்லிட்டேன் பாட்டி."

"பரவால்லீங்கம்மா. பொய்யி எங்க வீட்லதான் இருந்துச்சு."

இந்த வருஷத் தேருக்கு நடந்தே போனேன். நம் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். சரிவில் தேர் உருண்டுவிடாமல் பின்னால் பிடிக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு முன் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். ஐந்து விரலும் தரையில் இருந்தன. திரும்பிப் பார்த்தால் அக்கா பின் வடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நொய்யைக் கலந்து அவள் என்னைப் பின்னால் இழுத்ததும் நான் விழாமல் இருக்கத்தான். ஆனால் மேட்டிலும் பின்னாலிருந்து இழுத்தால் தேர் எப்படி ஏறும்?

இப்போது அவளுக்கும் உள்ளேதான் அடுப்பு. வெளியே உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காய் அவள் நறுக்குவாள், சமைப்பது நான்தான். அவள் கையால் வைத்த சூப்பை இன்னும் என்னால் குடிக்க முடியவில்லை. அதற்கும் வேலப்பனிடம் ஒவ்வொரு வேளையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோற்றை விடப் பழகின மாதிரி இதற்கும் பழக வேண்டும்.

கார்த்திகையில் ஆசையை எடுத்துவிட்டான் என்று சொன்னேன். எடுக்கவில்லை. சோற்று வாசனை இன்றைக்கும் வருகிறது, நாக்கு இன்றைக்கும் ஊறுகிறது. அவன் ஆசையை எடுப்பதில்லை, அந்த வேளையைக் கடக்கக் கூட வருகிறான். இதுதான் என் சரியான சாட்சி.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அவனிடம் போங்கள். எனக்குக் கேட்கத் தெரியாமல் முதலில் விரலைக் கேட்டேன். நீங்கள் உண்மையைக் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பான். யார் கையிலிருந்து கொடுப்பான் என்றுதான் தெரியாது. வலிக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் புண் ஆறத் தொடங்கும்.