இரண்டாவது தட்டு

லிஃப்டுக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தியதும் கதவோரத் தகட்டில் விரல் முட்டியால் தட்டுகிறார். ஒன்று. காது கொடுக்கிறார். இரண்டாவது தட்டுக்கு முன் கதவு நகர்ந்துவிட்டால் லிஃப்ட் சுகம். இல்லையென்றால் கருவிப் பையைக் கீழே வைத்துவிடுவார். லிஃப்ட் பழுதுபார்க்கும் பணிமனையில் அவருக்கு டாக்டர் என்று பெயர்.

“இருபது வருஷமா ஆஸ்பத்திரியில குப்பை கொட்டுறேன், என்னையே சிஸ்டர்னுதான் கூப்பிடுறாங்க. நீ எப்படிடா டாக்டர் ஆன?” என்று கேட்கும் அக்கா, கடல் கடந்து இன்னொரு தேசத்தில் நர்ஸ். போனில் பேசினால் “சாப்பிட்டியா?”, “ம்” என்பதோடு இருவருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். அதனால் ஞாயிறுதோறும் சதுரக் கட்டைகளால் ஆன ஒரு கணினி விளையாட்டுக்குள் சந்திக்கிறார்கள். அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் வாய் ஓயாது.

அந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரலை மாட் என்பார்கள். டாக்டர் எழுதிய மாட் கட்டைகளுக்குக் கொஞ்சம் புத்தி கொடுக்கிறது. இரண்டு கம்பியிலும் மின்சாரம் வந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் ஒரு கட்டை. வராதபோதுதான் எரிவேன் என்று முரண்டு பிடிக்கும் இன்னொன்று. முகம் தெரியாத சில நூறு பேர் அவற்றை வைத்துக் கதவும் ரயிலும் செய்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்தான்: கிழக்கு பார்த்து வைத்த கட்டை உடனே வேலை செய்கிறது, மேற்கு பார்த்தது ஒரு துடிப்பு பிந்துகிறது. “கட்டைக்கும் ராசி பலன் பாக்கணுமா அண்ணே?” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கோளாறு மூன்று வாரத்தில் பிடிபட்டது. கட்டைகள் வரிசையாகச் செய்தி கேட்டன. கேட்ட மாத்திரத்தில் பதிலும் சொல்லின. வரிசையில் முந்திய மேற்குக் கட்டைகள் பழைய செய்தியை வைத்தே பேசிவிட்டு, புதியதற்கு அடுத்த துடிப்பு வரை காத்திருந்தன. “எல்லாரும் முதல்ல கேளுங்க. அப்புறம் சேர்ந்தாப்ல பேசுங்க” என்று கட்டைகளை உட்காரவைத்துச் சொல்வதுபோல் பதினோரு வரிகள் எழுதினார். சரியாகிவிட்டது.

ஆனால் பத்து நாளாகியும் அதை வெளியிடக் கை வரவில்லை. காரணம், அக்காவின் மணிக்கூண்டு. எட்டு மாத ஞாயிறுகள். நான்கு பக்கமும் நான்கு மணிகள், ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி கட்டியிருந்தாள். இது கோளாறென்று அவளுக்குத் தெரியாது. கட்டையின் சுபாவமே இப்படித்தான் போலிருக்கிறது என்று, கிழக்கு பார்த்தவற்றுக்கெல்லாம் தாமதக் கட்டை சொருகிச் சமாளித்திருந்தாள், அறுபத்திரண்டு இடங்களில். இப்போது திருத்தினால் அந்தத் தாமதங்களாலேயே கூண்டு குளறிவிடும். சலித்துப்போய் அவள் வருவதையே நிறுத்திவிட்டால்? மறுபடியும் “சாப்பிட்டியா?”, “ம்” தான்.

போன ஞாயிறு மென்று விழுங்கிக் கேட்டார். “அக்கா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?”

“திட்டுவேன். சொல்லு.”

சொன்னார்.

“அப்ப எட்டு மாசமா நான் உன் நொண்டிக் குதிரைக்கு லாடம் அடிச்சிட்டிருந்தேன்?”

“ஓடுச்சே அக்கா. அப்படியே விட்டுடலாம்னு...”

“போடா. எலும்பு கூடினப்புறமும் மாவுக்கட்டோட வீட்டுக்கு அனுப்பினா எங்க வார்டுல என்னைச் சும்மா விடுவாங்களா? நீ திருத்தினதை வெளியிடு. பிரிக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்.”

வெளியிட்டார். அடுத்த ஞாயிறு வரை அவள் காத்திருக்கவில்லை. செவ்வாய் வந்தாள். வியாழன், ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து, “அந்த வார்டு முடிஞ்சு இந்த வார்டு” என்று அலுத்துக்கொண்டே பதினெட்டுத் தாமதக் கட்டைகளைப் பிரித்தாள். லிஃப்டின் கூரைமேல் நின்றபடி “அக்கா உள்ளே வந்திருக்கிறார்” என்ற அறிவிப்பைப் போனில் பார்த்துவிட்டு, டாக்டர் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்று ஞாயிறு. அறுபத்திரண்டாவதும் கழன்றது.

“இழுடா.”

விளையாட்டில் மணிக்கூண்டின் நெம்புகோலை இழுத்துவிட்டு மேசையில் தட்டினார். ஒன்று. நான்கு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. இரண்டாவது தட்டுக்கு உயர்ந்த கை அப்படியே நின்றது. பிறகு விரல்களை விரித்து, ஓசை வராமல் உள்ளங்கையை மேசைமேல் வைத்தார்.