அத்தைக்குப் போட்ட கோடுகள்

நேற்று பிற்பகல், ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் நடைவழியில்தான் எனக்கு அது உறைத்தது. கையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். வெந்நீர் ஆறிப்போனதற்குத் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் சரியாகக் காதில் விழவில்லை.

கடைசிக் கட்டிலில் நடுக்குவாதக்காரர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். எழுந்து நிற்பார்; நின்றால் நின்றதுதான். கால்களைத் தரையோடு யாரோ ஒட்டிவிட்டதுபோல் இருக்கும். பயிற்சி நர்ஸுகள் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் ஓரடி நகர்வார். நேற்று அவரை நடைவழியின் வாசலில் நிறுத்திவிட்டு நான் வெந்நீர் எடுக்கப் போயிருந்தேன். மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் விழுந்து, கம்பிகளின் நிழல் தரையில் குறுக்குக் குறுக்காகக் கோடு போட்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கினார். முதல் நிழலைத் தாண்டினார், அடுத்ததைத் தாண்டினார், பிறகு இளவட்டம்போல நடந்தே போனார். நிழல் முடிந்த இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டார்.

மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். பார்க்க வந்திருந்த அவருடைய மகன் மட்டும் சிரிக்கவில்லை.

“எல்லாம் நடிப்பு சிஸ்டர். நம்மள வேல வாங்கணும்னே செய்றாரு. ஞாயித்துக்கெழம வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். இனிமே யாரும் தூக்கிவிட வேணாம்.”

இதே பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வெள்ளாமைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் தூங்கினாளாம். எழுப்பினால் கஞ்சி குடிப்பாளாம், மறுபடி தூங்கிவிடுவாளாம். அதிலிருந்து பிழைத்து எழுந்து நன்றாகத்தான் இருந்தாள். சில வருஷம் கழித்து உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது. முதலில் முகத்திலிருந்து சிரிப்பு போனது, பிறகு கோபமும் போனது. களையெடுக்கப் போன இடத்தில் குனிந்த வாக்கில் அப்படியே நின்றுவிடுவாளாம். மாமா வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, வைத்தியரை விசாரித்து வாதம் என்று பெயர் வைத்து, தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்.

பெயர் வைத்தவர் அப்பா, சுமந்தவள் அம்மா. அத்தையைப் படுக்கையில் புரட்டிப் போடுவது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி ஒவ்வொன்றும் தொண்டையில் இறங்கும்வரை காத்திருப்பது, கடைவாயில் வழிவதைத் துடைப்பது எல்லாம் அம்மாதான். அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தான் பின்புறமாக நடந்து, அவளைக் கொல்லைப்புறம்வரை இழுத்துப் போவாள். எங்கள் வீட்டில் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே அம்மாவுக்குத் தெரிந்தது அப்படித்தான். ராத்திரி இடுப்பில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பாள். அத்தைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பாத்திரங்கள் சத்தமாகச் சொல்லின.

எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை அத்தைக்குத் தலை சீவிவிடுவதும் ஈ ஓட்டுவதும். இரண்டையும் நான் அவசர அவசரமாகச் செய்வேன். எதையும் அவசரமாகச் செய்வது அப்போதே எனக்கு வழக்கம்.

மார்கழி வந்தால் வாசலில் பெரிய படிக்கோலம் போடுவேன் என்று சபதம் செய்திருந்தேன். அதற்காக ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சாக்குக்கட்டியால் கூடத்துச் சிவப்புத் தரையில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். படிக்கோலத்தில் வளைவு கிடையாது, நேர்க்கோடுகள்தான். அம்மா அத்தையை அறை வாசலில் நிறுத்திவிட்டு, பொங்கும் பாலைப் பார்க்க ஓடியிருந்தாள்.

“அழிச்சிராத அத்த,” என்றேன், திரும்பாமலே. யாரைப் பார்த்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பியபோது அத்தை கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஒரு கோடும் அழியவில்லை.

கோலத்தை மிதிக்கக் கூடாது என்பதால்தான் தாண்டினாள் என்று நினைத்தேன். அத்தையின் கால்கள் ரொம்ப மரியாதை தெரிந்த கால்கள். சும்மா கிடக்கும் தரையில் அவற்றுக்கு வேலை இல்லை. கோலம் என்று வந்துவிட்டால் மரியாதைக்காகவாவது தூக்கியாக வேண்டும். அந்த வயதில் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்குமா?

அதோடு விடவில்லை. நீளவாக்கில் கோடு போட்டுப் பார்த்தேன், அத்தை நகரவில்லை. தண்ணீரால் இழுத்துப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. குறுக்குக் கோடாக, வெள்ளையாக, ஓரடிக்கு ஒன்றாக இருந்தால் நடந்தாள். கோடு தீர்ந்தால் நின்றாள். அத்தைக்கே ஆச்சரியம். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். காதை வாயருகே கொண்டுபோக வேண்டும்.

“கோட்டப் பாத்தா காலு தன்னால தூக்குது தாயி. பாக்கலன்னா ஒட்டிக்கிருது. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல.”

அம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போகும் நேரம் எங்கள் நேரமாயிற்று. கூடத்தில் ஒரு நடை, துடைப்பு, இன்னொரு நடை. யாரிடமும் சொல்லவில்லை. பெரிய நாள் ஒன்றில் எல்லாரையும் அசத்த வேண்டும் என்பது எங்கள் திட்டம். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அத்தைதான்.

மாமா சொல்லியனுப்பியிருந்தார்: பெண்டாட்டியை ஒன்று அனுப்பிவையுங்கள், இல்லையென்றால் நான் வேறு கட்டிக்கொள்கிறேன். அப்பா அவரை நேரில் வரச் சொன்னார். அத்தையை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறவரை பொறுக்க வேண்டும் என்று கேட்பதாக ஏற்பாடு. ஒரு வாரமாக அப்பா அதை வக்கீலைப்போல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சம்மதித்துவிட்டால் அத்தைக்கு எங்கள் வீடும் மெட்ராஸும் உண்டு. இல்லையென்றால் ஒன்றும் இல்லை. இதெல்லாம் அத்தைக்கும் தெரியும். ஆனால் அவள் என்னிடம் கேட்டது வேறு.

“உங்க மாமா வாரன்னைக்கி நானே நடந்து போயி அவுகளுக்குத் தண்ணி குடுக்கணும். அழகாப் போட்டு வையி.”

விடிவதற்குள் எழுந்து போட்டேன். அறை வாசலிலிருந்து பெஞ்சுவரை, ஓரத்தில் பூவும் காயும் வைத்து, விருந்தாளிக்கான கோலம்போல. அம்மாகூட, “கை படிஞ்சிருச்சே,” என்றாள்.

மாமா தன் அண்ணனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா ஆரம்பித்தார். வைத்தியர் சொன்னது, காய்ச்சல் வந்தது, உடம்பு இறுகியது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவந்து, “என் தங்கச்சியால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது மாப்ள,” என்று முடித்த நேரம், அத்தை வந்தாள்.

கையில் செம்பு. தண்ணீர் தளும்பிச் சிந்தியது. குனிந்த தலை நிமிராமல், வாய்க்கால் வாய்க்காலாகத் தாண்டுகிறவள்போல் ஒவ்வொரு கோடாகத் தாண்டி வந்தாள். கடைசிக் கோட்டையும் தாண்டி மாமாவிடம் செம்பை நீட்டினாள். நான் கைதட்டினேன்.

மாமா செம்பை வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

“ஒரு அடின்னீகளே மச்சான்,” என்றார்.

அப்பா ஏதாவது சொல்லியிருப்பார். பேசத் தெரிந்தவர்தான். ஆனால் அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“நடக்கத் தெரியுமா உனக்கு? எம்புட்டு நாளாத் தெரியும்? என் இடுப்பு ஒடியிறதப் பாத்துக்கிட்டேதான் படுத்துக் கெடந்தியா?”

அத்தையின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த முகத்தில் அழுகையும் வராது, கெஞ்சலும் வராது, சுவரைப்போல் இருந்தது. உள்ளே போ என்றாள் அம்மா. அத்தையால் திரும்ப முடியவில்லை. அவள் நின்ற இடத்தில் கோடு இல்லை.

“இப்பப் பாரு,” என்றாள் அம்மா, யாரிடமோ. “மறுபடியும் ஆரம்பிச்சிட்டா.”

கோடு போட்டால் நடப்பாள், கோடு இல்லாததால்தான் நிற்கிறாள் என்று நான் கத்தினேன். அம்மா என்னைப் பார்த்தாள். நீயும் கூட்டா என்று கேட்டாள். நான் என்னவோ, ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

அன்று மத்தியானமே வண்டி கட்டினார்கள். கண்ணால் பார்த்த சாட்சிக்கு மேல் என்ன இருக்கிறது என்று தினமும் கோர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பா. தன் கண்ணாலேயே பார்த்த பிறகு அவருக்கும் வாதாட ஒன்றுமில்லாமல் போயிற்று. மெட்ராஸ் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. அத்தையை இரண்டு பேர் தூக்கித்தான் வண்டியில் வைத்தார்கள். நடிப்பதற்கும் ஒரு அளவு வேண்டும் என்று மாமாவின் அண்ணன் சொல்லிக்கொண்டே தூக்கினார். நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அத்தையைக் குணப்படுத்திப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். நல்ல மதிப்பு கிடைத்தது.

பொங்கல் சீர் கொண்டுபோக அப்பாவோடு நானும் கிளம்பினேன். அம்மா வரவில்லை. பாவாடையில் சாக்குக்கட்டியை முடிந்துகொண்டேன்.

அத்தை மாட்டுத் தொழுவத்தில் நின்றாள். கையில் விளக்குமாறு. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. மாடுகளை அவிழ்க்க வந்தவர்கள் அவளைத் தூண்போலச் சுற்றிக்கொண்டு போனார்கள். கன்னத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. தலையை யாரும் சீவியிருக்கவில்லை. சேலையின் பின்பக்கம் ஈரம். முழங்கைக்கு மேல் எலும்பு மட்டும் இருந்தது.

மாமாவின் அண்ணி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “கோடு போட்டு நடக்கவைக்கிற டாக்டரு வந்துட்டாக,” என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டாள். “எங்களுக்கும் அந்த வித்தையக் காட்டு ஆத்தா.”

மண் தரையில் சாக்குக்கட்டி பிடிக்கவில்லை. அடுப்புச் சாம்பல் கேட்டு வாங்கி, அத்தையின் காலடியிலிருந்து தொழுவத்து வாசல்வரை கோடு கோடாகத் தூவினேன். பெண்கள் சுற்றி நின்றார்கள். நல்ல வெள்ளைச் சாம்பல். கோடுகள் பளிச்சென்று விழுந்தன.

அத்தை கோட்டைப் பார்த்தாள். குதிகால் லேசாக எழும்பியதை நான் பார்த்தேன். அப்புறம் மெல்லக் கண்ணை உயர்த்தி, சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைத் திற அத்தை, கோட்டைப் பார் என்றேன். இமை இறுகியது. எத்தனை தடவை கூப்பிட்டும் திறக்கவில்லை.

“பாத்தீகளா,” என்றாள் மாமாவின் அண்ணி. “இன்னைக்கி மனசு இல்ல.”

வண்டியில் திரும்பும்போது அழுதுகொண்டே வந்தேன். அத்தைக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். சாம்பல் கோலம் ஆகாது, அதனால்தான் கால் மரியாதை கொடுக்கவில்லை என்றும் நினைத்தேன். சிவப்புத் தரையில் அரிசிமாவால் போட்டிருந்தால் நடந்திருப்பாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மாடுகளின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆடி பிறந்த சமயத்தில் அத்தை போய்விட்டதாக ஆள் வந்தது. தொழுவத்தில் விழுந்தவளை எழுந்து வரட்டும் என்று விட்டிருந்தார்களாம். அம்மா அழுதாள். ஆனால் இன்றைக்கும் ஏமாந்தது தான்தான் என்றே சொல்கிறாள். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று நான் அடம்பிடித்தபோதும் அதையே சொன்னாள்: நடிக்கிறவர்களைச் சுமக்கப் போகிறாயா?

நேற்று எனக்கு உறைத்தது கோட்டின் சங்கதி மட்டுமல்ல. கோடு சாம்பலாக இருந்தாலும் நிழலாக இருந்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்ததும், தொழுவத்தில் தூவிய என் கோடுகளில் குறையில்லை என்று ஆயிற்று. அவை வேலை செய்தன, குதிகால் எழும்பியது. அத்தை நடந்திருப்பாள். நடந்தால் நடிப்பு என்பார்கள். நின்றாலும் நடிப்பு என்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவளிடம் மிச்சமிருந்தவை இமைகள் மட்டும்தான்.

டாக்டரிடம் காலையில் கேட்டேன். நிழல் மேல் நடக்கிறவருக்குக் காலில் கோளாறு இல்லை என்று பொருள், படுக்கை காலியானால் நல்லதுதான் என்றார். அவரும் கண்ணால் பார்த்த சாட்சியை நம்புகிறவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மகன் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கோடு போட்டு அவருடைய அப்பாவை நடக்கவைத்துக் காட்டுவது வழியல்ல. அந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. நடப்பதையும் காட்ட வேண்டும், நிற்பதையும் காட்ட வேண்டும். சாக்குக்கட்டியை மகன் கையிலேயே கொடுத்து அவரையே போடச் சொல்லலாம். பாதியில் ஒரு போர்வையை விரித்துக் கோடுகளை மறைக்கச் சொல்லலாம். மறைத்தால் நிற்கிறார், எடுத்தால் நடக்கிறார் என்பதைத் தன் கையாலேயே செய்து பார்த்தால் ஒருவேளை நம்புவார். பெரிதாக நம்பிக்கை இல்லை. ஐயம் வந்த பிறகு மனிதர்கள் போர்வையையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

ஆகவே முதலில் அம்மா. சுமந்து பார்த்தவள் சொன்னால் அந்த மகன் கேட்கக்கூடும். நாளைக்கு எனக்கு அரைநாள் ஓய்வு. தல்லாகுளத்துக்குப் போய், என்ன சாக்குச் சொல்லியாவது அம்மாவை அந்த நடைவழிக்கு அழைத்துவரப் போகிறேன். கம்பி நிழல் விழுகிற நேரத்தில் அவளை அந்த மனிதருக்கு எதிரே நிறுத்துவேன். அவர் நடந்து வந்து நிழல் முடியும் இடத்தில் நிற்கும்போது, கையைப் பிடித்துப் பின்புறமாக நடந்து இழுக்கச் சொல்வேன். அந்தக் கனம் அவள் கைக்குத் தெரியும்.

அதற்கப்புறம், தொழுவத்தில் அத்தை கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அதை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.