மூன்று ஸ்க்ரூவா, இரும்புப் பந்தா

பால் சேர்க்காத கோப்பி ஓவின் சூடு பிளாஸ்டிக் பையைத் தாண்டி விரலைச் சுடும். ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் அந்தப் பையை மாட்டிவிட்டு, ஸ்ட்ராவை என் வீட்டுக்காரர் வாயருகே வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். படுத்தபடியே இரண்டு உறிஞ்சு... "சீனி பத்தல" என்பார். சீனி வியாதிக்காரருக்கு எப்படிப் பத்தும்?

பத்து வருஷம் ஆகப் போகிறது.

அவர் பினாங்குப் பக்கம் பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. காலையில் பசாருக்குப் போனவர், மீன் கடை ஓரம் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

"லாரி கவுந்தப்பகூட எனக்கு ஒண்ணும் ஆகல. மத்தி மீன் கவுத்துருச்சு லா!" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். வலியில் வேர்த்துக்கொண்டே சிரித்தார்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். சின்ன வயது. ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்.

"ஆன்ட்டி, தொடை எலும்போட தலை பந்து மாதிரி இருக்கும். அதுக்குக் கீழ, கழுத்துல உடைஞ்சிருக்கு. மூணு ஸ்க்ரூ போட்டு அவரோட எலும்பையே சேத்து வைக்கலாம். சின்ன ஆப்பரேஷன். ஆனா வயசான எலும்பு, ஒட்டாமப் போனாலும் போகும். இல்லைன்னா அந்தப் பந்தையே எடுத்துட்டு இரும்புப் பந்து வைக்கலாம். பெரிய ஆப்பரேஷன்தான், ஆனா மறுநாளே எழுந்து நிக்கலாம். என்னைக் கேட்டா பந்துதான் நல்லது."

"அப்புறம் எல்லாம் முன்ன மாதிரி இருக்கலாமா?"

"நடக்கலாம். குந்தி மட்டும் உக்காரக்கூடாது. பந்து கழண்டுக்கும்."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நாங்கள் இருந்தது ஜார்ஜ் டவுனில் பழைய வாடகை வீடு. பின்னால் குந்தி உட்காரும் கக்கூஸ். உடைத்து மாற்றக் கேட்டபோது வீட்டுச் சொந்தக்காரத் தௌக்கே முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். இவரோ, தன் துண்டைக்கூட இன்னொருவர் துவைக்க விடாத மனுஷர். அவரைப் படுக்கையிலேயே வைத்து... நினைக்கவே முடியவில்லை. சொந்த எலும்பு என்றால் குந்தலாம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். கூச்சமாக இருந்தது. படித்த பிள்ளையிடம் போய்க் கக்கூஸ் கதை பேசுவதா... கௌரவம் வேறு.

அவரிடம் கேட்டேன். "நீயே பாத்துச் சொல்லு. எனக்கு நடந்தா போதும்" என்றார்.

"அவருக்குச் சொந்த எலும்புதான் வேணுமாம், டாக்டர்."

"நல்லா யோசிச்சீங்களா ஆன்ட்டி?"

"யோசிச்சாச்சு."

நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடுவில் ஓட்டை, அடியில் வாளி.

"ஆறு வாரம் அந்தக் காலை ஊனக்கூடாது. குந்தவும் கூடாது. இதை ரூம்லயே போட்டுக்குங்க."

"இது... ஸ்க்ரூ போட்டவங்களுக்கு மட்டுமா?"

"இடுப்பு உடைஞ்ச எல்லாருக்கும்தான், ஆன்ட்டி."

அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

மூன்று மாதத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு ஒட்டவில்லை. ஸ்க்ரூ ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இப்போது பந்து வைத்தால்தான் உண்டு என்றார்கள். ஆனால் படுத்துப் படுத்து நெஞ்சில் சளி கட்டி, இருதயமும் தளர்ந்துபோயிருந்தது. மயக்க மருந்து தாங்க மாட்டார் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். கடைசி வரை நடக்கவில்லை.

என் பேத்தி இப்போது பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோ. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? இடுப்பு உடைந்த கிழவர்களை மறுநாளே கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்துகிறாள். "மொதல்லயே வீட்டுல டாய்லட் எப்படின்னு நாங்களே கேட்டுருவோம் பாட்டி. அதுக்கு ஏத்த மாதிரி எல்லாம் செய்யலாம்" என்றாள் போன வாரம். இந்தக் காலத்தில் அவர்களே கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அவளிடமும் நான் எதையும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஆறு வாரம் முடிவதற்குள் ஒரு நாள் மழைக்கு ஜன்னலைச் சாத்த எழுந்து, அவர் அந்தக் காலை ஊனிவிட்டார். ஒரே ஒரு தடவை. எல்லாம் அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"நான்தான் கெடுத்துக்கிட்டேன், இல்ல? டாக்டர் பிள்ளையக் குத்தம் சொல்லாத" என்பார். எத்தனையோ தடவை.

ஒவ்வொரு தடவையும் நான் அவர் போர்வையைச் சரி செய்தபடி ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

"விடுங்க... தெரிஞ்சா செஞ்சீங்க?"

என்னவோ நான் அவரை மன்னிக்கிற மாதிரி.