ரத்தம் ஏறாத மாதங்கள்

டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, கட்டைவிரல்தான் வருகிறது. மருந்து நெடி அடிக்கிற, சில்லென்ற விரல். அதை என் கன்னத்தில் ஊன்றி, கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்ப்பார்கள். "மேலே நோக்கு" என்பார்கள். நான் மேலே பார்ப்பேன். தகரக் கூரையில் மழை ஒழுகிய கறை தெரியும். பார்த்து முடித்ததும் அவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு வரும். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் எனக்கு வெளுத்த துணி மாதிரி இருந்ததாம்.

அது எழுபதுகள். மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி என்றால் நாலைந்து கட்டில், ஒரு கம்பவுண்டர், ஒரு ஆயா, புதிதாக வந்திருந்த இந்த மலையாளத்து டாக்டரம்மா. காலையில் திறக்கும்போதே காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, அட்டை கடித்துப் புரையோடிய கால் என்று வரிசை நிற்கும். அசதி என்று மட்டும் யாரும் போய் நின்றதில்லை. அதை ஒரு நோய் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. மேட்டில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், காது இரையும். கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால் கங்காணி சத்தம் போடுவார். எழுந்துகொள்வோம், அவ்வளவுதான். எனக்கு இன்னொன்றும் இருந்தது. லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டுச் சுவரில் மண் பெயர்ந்த இடத்தைக் கண்டால் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றும். யாருக்கும் தெரியாமல்தான் தின்றேன். பக்கத்து வீட்டு மதினி கண்டுபிடித்துவிட்டாள். "ஏட்டி, கம்பெனிக்காரன் கட்டின வீட்டை நீ தின்னே தீத்துருவ போலிருக்கே" என்று சிரித்தாள். பிறகு அவளேதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு இரண்டாவது முறை வயிற்றில் தங்கியிருந்த நேரம். முதல் பிள்ளை பிறந்து அழவேயில்லை. எனக்கும் உதிரம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிது என்றார்கள். டாக்டரம்மா அதையெல்லாம் மதினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் நகங்களை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "முன்னே மாதிரி இந்தத் தடவையும் ரத்தம் போனா நீ தாங்கமாட்டே. அதுக்குள்ளே ரத்தம் ஏறணும். குளிகை தராம். ஒழுங்கா முழுங்கணும், கேட்டோ." இரும்புச் சத்து மாத்திரையைத்தான் குளிகை என்றார்கள்.

மூன்று வேளையும் ஒழுங்காகத்தான் முழுங்கினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இமையை இறக்கிப் பார்ப்பார்கள், அதே வெளுப்பு. வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. அந்த மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. வாங்கிப் போய் ஓடையில் எறிந்தவர்கள் உண்டு, அது டாக்டரம்மாவுக்கும் தெரியும். ஒருநாள் பொறுமை விட்டுப்போய், எல்லாரும் நிற்கும்போதே கேட்டுவிட்டார்கள்: "வெளிக்குப் போனா கறுப்பாப் போகுதா?"

மாத்திரை உள்ளே போனால் அப்படித்தான் போகுமாம், அதுதான் அவர்களுக்கு அத்தாட்சி. எனக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார், வரிசையில் ஆம்பளையாட்கள், வாசலில் என் வீட்டுக்காரர். எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். "கள்ளி. நீயும் எறிஞ்சு களைஞ்சே, இல்லே?" என்றார்கள். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்குப் பின்னால், விறகுக்கு அடியில், சாக்கடையில் எல்லாம் குனிந்து தேடினார். "எங்கடி போட்ட? ஒன்னைய நான் சாகவா கொடுக்க?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அழுதுகொண்டே தேடினார்.

அதன்பின் ஒருநாள் லயத்துக் குழந்தைகளுக்குப் பேதி கண்டு, குழாய்த் தண்ணீரைப் பார்க்க டாக்டரம்மாவே வந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான் தனியாக நின்றிருந்தேன். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, அந்தக் கேள்வியையே மறுபடி கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ முழுங்கறே. எதோட முழுங்கறே?"

அடுப்பில் இருந்த, பால் விடாத கட்டஞ்சாயாவைக் காட்டினேன். வேறு எதோடு? விடிந்தால் அதுதான், காட்டில் மத்தியானம் புட்டியில் அதுதான், சாயங்காலமும் அதுதான். டாக்டரம்மா அங்கே கிடந்த விறகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயா இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது என்று படித்த இடத்தில் யாரோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் கொஞ்சநேரம் சாயா வேண்டாம், எலுமிச்சைத் தண்ணீரில் முழுங்கு என்றார்கள்.

சத்தம் கேட்டு வந்த மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தேயிலைக் காட்டுக்குள்ள இருந்துக்கிட்டுத் தேயிலைத் தண்ணி குடிக்கப்படாதா! நல்லாருக்கே!" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள்: "அப்ப பசிக்கு என்னத்தக் குடிக்க, டாக்டரம்மா? அதையும் சொல்லிட்டுப் போங்க."

டாக்டரம்மா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு குழாயடிப் பக்கம் போனார்கள்.

அந்தக் குளிரில், சூடாக ஒன்றும் இல்லாமல் வெறும் வயிற்றோடு காலைதோறும் மேட்டில் ஏறினேன். ஆனால் ரத்தம் ஏறியது. மெல்ல, மெல்ல. ஒருநாள் சுவரைப் பார்த்தேன், சுவராகத்தான் தெரிந்தது, தின்னத் தோன்றவில்லை.

மழை கொட்டின ஒரு மத்தியானம் மகள் பிறந்தாள். இந்தத் தடவையும் உதிரம் போகத்தான் செய்தது, ஆனால் நின்றது. ஆயா பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார்கள். அவர்களும் அசந்து போயிருந்தார்கள். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் காதில் விழும்படி, சத்தமாகவே சொன்னார்கள்: "இவள் ஒரு குளிகைகூட எறியலே. நான்தான் தப்பாச் சொன்னது." நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறகு அவர்களை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். லயத்தில் பழையபடி மாத்திரையும் கட்டஞ்சாயாவும் ஒன்றாகவே உள்ளே போயின. நானும் சாயாவுக்குத் திரும்பிவிட்டேன். பசி இருக்கத்தானே செய்தது.

மகள் இப்போது கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறாள். சில நாள் போனில், "அசதியா இருக்கும்மா" என்பாள். எனக்கும் இந்த வயதில் அசதிதான். 'அப்படி என்ன வேலை செஞ்சே' என்று வாய்வரை வந்துவிடும். அதை முழுங்கிவிட்டு, "பக்கத்துல யாரும் இருக்காங்களாடி?" என்று முதலில் கேட்பேன். இருந்தால், கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உடம்பைப் பற்றிக் கேட்பேன்.